சிஎஸ்ஆர் வேலைக்குப் போகலாமா, ஏஐ வந்தா இந்த வேலை நிக்குமா?

கேள்வி கேட்ட தங்கச்சி என்ன கேட்டிருக்காங்கன்னு நான் புரிஞ்சுக்கிட்டத முதல்ல சொல்லிடுறேன், தப்பா இருந்தா திருத்துங்க. கிள்ளான்ல இருந்து எழுதுறீங்க, மாஸ் காம் டிகிரி, கேஎல்ல ஒரு கம்பெனியில கார்ப்பரேட் கம்யூனிகேஷன்ஸ்ல ரெண்டு வருஷம், இப்ப பங்குச் சந்தையோட மெயின் மார்க்கெட்ல இருக்கிற ஒரு கம்பெனி சிஎஸ்ஆர் (கம்பெனியோட சமூகப் பொறுப்பு) எக்ஸிகியூட்டிவா வாங்கன்னு கூப்பிட்டிருக்கு. ஐடியில இருக்கிற அண்ணன் "ரிப்போர்ட் எழுதுறதுதானே, அத ஏஐ ரெண்டு நிமிஷத்துல எழுதிடும், அஞ்சு வருஷத்துல ஆளே தேவைப்படாது"ங்கிறாரு, அம்மா "நாலு பேருக்கு நல்லது செய்ற வேலை, யோசிக்காம போ"ங்கிறாங்க. யார் சொல்றது சரின்னு கேட்டிருக்கீங்க. ஆனா நீங்க எழுதினத ரெண்டாவது தடவ படிச்சப்பதான் கடைசி வரி கண்ணுல பட்டுச்சு. "இது உண்மையான வேலையா, இல்ல கம்பெனிக்கு மேக்கப் போடுற வேலையா"ன்னு லேசா கேட்டுட்டு விட்டுட்டீங்க. எனக்கு அதுதான் உங்க உண்மையான கேள்வின்னு படுது. ரெண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்றேன், ஏன்னா ஏஐ முதல்ல எடுத்துக்கப் போறது அந்த மேக்கப் பகுதியத்தான்.

நான் பினாங்குல, பிறை பக்கம். இந்தத் துறையில பதினெட்டு வருஷம் ஆச்சு, அதுல பெரும்பகுதி எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைகள்ல. ஆரம்பிச்சது எச்ஆர் அசிஸ்டண்டா, தீபாவளிக்கு முதியோர் இல்லத்துக்கு ஹேம்பர் கொண்டு போறதும் பெரிய அட்டை செக்கப் பிடிச்சுக்கிட்டு போட்டோ எடுக்கிறதும்தான் அப்ப வேலை. இப்ப மூணு தொழிற்சாலைக்கு சஸ்டெய்னபிலிட்டி, அதாவது சுற்றுச்சூழலுக்கும் மக்களுக்கும் கெடுதல் இல்லாம கம்பெனி நடக்குதான்னு பார்க்கிற பொறுப்பு, எனக்குக் கீழ நாலு பேரு. அதனால நான் சொல்றது எல்லாம் தொழிற்சாலைப் பக்கத்துல இருந்து பார்த்தது. பேங்க்லயும் செம்பனைத் தோட்டக் கம்பெனிகள்லயும் இதே வேலை வேற மாதிரி நடக்கும், அங்க இருக்கிற கூட்டாளிங்க சொல்லித்தான் எனக்குத் தெரியும், அந்த அளவுக்கே எடுத்துக்குங்க.

மேக்கப் கேள்விக்கு முதல்ல வரேன். இந்த வேலை நம்ம நாட்டுல எப்படி வளந்துச்சுன்னு தெரிஞ்சா பாதி குழப்பம் போயிடும். 2006ல நம்ம பங்குச் சந்தை புர்சா மலேசியா ஒரு சிஎஸ்ஆர் வழிகாட்டிய வெளியிட்டுச்சு, சுற்றுச்சூழல், வேலையிடம், சமூகம், சந்தைன்னு நாலு பகுதி. அதுக்கப்புறம் லிஸ்டட் கம்பெனிங்க வருடாந்திர அறிக்கையில என்ன சிஎஸ்ஆர் செஞ்சோம்னு எழுதணும், ஒண்ணும் செய்யலன்னா செய்யலன்னு எழுதணும்னு விதி வந்துச்சு. அவ்வளவுதான் கட்டாயம். இந்தியாவுல 2013 கம்பெனி சட்டத்துல, குறிப்பிட்ட அளவுக்கு மேல உள்ள கம்பெனிங்க மூணு வருஷ சராசரி லாபத்துல ரெண்டு சதவீதம் சிஎஸ்ஆருக்கு செலவு செய்யணும்னு இருக்கு, அதனாலதான் சென்னையில இருக்கிற சொந்தக்காரங்க சொல்ற சிஎஸ்ஆர் வேலையும் இங்க இருக்கிறதும் ஒண்ணு இல்ல. இங்க இவ்வளவு செலவு பண்ணியே ஆகணும்னு சட்டம் கிடையாது, வெளிய சொல்லணும்ங்கிறதுதான் விதி. சொல்றதுக்காகவே செய்ற பழக்கம் அங்கதான் ஆரம்பிச்சுச்சு, மேக்கப்னு நீங்க சொல்றதோட வேரு அது.

ஆனா அந்தக் காலம் முடிஞ்சுக்கிட்டே வருது. 2015ல புர்சா சஸ்டெய்னபிலிட்டி அறிக்கைய கட்டாயமாக்குச்சு, 2022ல இன்னும் இறுக்குச்சு, 2024 செப்டம்பர்ல தேசிய சஸ்டெய்னபிலிட்டி அறிக்கை கட்டமைப்புன்னு ஒண்ணு வந்துச்சு, எங்க ஆளுங்க என்எஸ்ஆர்எஃப்னு சொல்லுவாங்க. அதுல ரெண்டு பில்லியன் வெள்ளியும் அதுக்கு மேலயும் சந்தை மதிப்புள்ள மெயின் மார்க்கெட் கம்பெனிங்க 2025ல தொடங்குற நிதியாண்டுல இருந்தும், மத்த மெயின் மார்க்கெட் கம்பெனிங்க 2026ல இருந்தும், சின்னக் கம்பெனிங்களுக்கான ஏஸ் மார்க்கெட்ல இருக்கிறவங்களும் ரெண்டு பில்லியன் வருமானம் உள்ள லிஸ்ட் ஆகாத பெரிய கம்பெனிங்களும் 2027ல இருந்தும், ஐஎஃப்ஆர்எஸ் எஸ்1, எஸ்2ங்கிற உலகத் தர விதிப்படி அறிக்கை கொடுக்கணும். உங்களக் கூப்பிட்ட கம்பெனி மெயின் மார்க்கெட்னா அவங்க முதல் ரெண்டு குழுவுல ஒண்ணுல கண்டிப்பா வருவாங்க. இது கணக்கு மாதிரி, வெள்ளம் வந்தா உங்க தொழிற்சாலைக்கு என்ன நஷ்டம், கார்பன் வரி வந்தா என்ன ஆகும்னு முதலீட்டாளருக்குப் பதில் சொல்ற அறிக்கை. சிரிச்ச முகத்தோட போட்டோ போட்டு இத நிரப்ப முடியாது.

இப்ப ஏஐ. உங்க அண்ணன் சொன்னதுல பாதி சரி, அத மறைக்க நான் விரும்பல. என் டீம்ல ரெண்டு வருஷமா நாங்க இத தினமும் பயன்படுத்துறோம். அறிக்கையோட முதல் டிராஃப்ட், கஸ்டமர் கம்பெனிங்க அனுப்புற நூத்துக்கணக்கான கேள்விகள் இருக்கிற படிவத்துக்கு பழைய பதில்கள்ல இருந்து எடுத்து நிரப்புறது, ஸ்கேன் பண்ணின கரண்ட் பில்லுல இருந்து யூனிட்ட எடுத்து அட்டவணை போடுறது, மலாய்ல வந்த கடிதத்தோட சுருக்கம், பிரெஸ் ரிலீஸ், எல்லாமே. முன்னாடி ரெண்டு பேரு ஒரு மாசம் உக்காந்து செஞ்ச படிவ வேலை இப்ப ஒரு வாரத்துல முடியுது. இது வருங்காலம் இல்ல, நடந்து முடிஞ்ச விஷயம். எழுதுற திறமைய மட்டும் வெச்சுக்கிட்டு இந்த வேலைக்கு வந்தா கஷ்டம்னு உங்க படிப்பத் தெரிஞ்சேதான் சொல்றேன்.

ஆனா அந்த டிராஃப்ட் எங்க தப்பு பண்ணுதுன்னு ஒரு உதாரணம் சொல்றேன். எங்களுக்கு கூச்சிங்ல ஒரு சின்ன கிளை இருக்கு. கரண்ட் பயன்பாட்ட கார்பன் கணக்கா மாத்த ஒரு காரணி வேணும், ஒரு யூனிட் கரண்டுக்கு எவ்வளவு கரியமில வாயுன்னு. தீபகற்பத்துல நிலக்கரியும் எரிவாயுவும் அதிகம், சரவாக்ல பெரும்பகுதி நீர்மின்சாரம், அதனால சரவாக் காரணி ரொம்பக் குறைவு. ஏஐ எல்லா கிளைக்கும் தீபகற்பக் காரணியையே போட்டு, அழகா ஒரு பத்தி விளக்கமும் எழுதிக் கொடுத்துச்சு. புதுசா வந்த பையன் அத அப்படியே எனக்கு அனுப்பிட்டான், அவன் மேல தப்பு சொல்ல மாட்டேன், படிக்கும்போது ஒரு குறையும் தெரியாது. எனக்கு உறுத்துனதுக்குக் காரணம் நான் அந்தக் கிளைக்குப் போயிருக்கேன், அந்த பில்லு தெனாகா பில்லு இல்ல, சரவாக் எனர்ஜி பில்லுன்னு கண்ணால பார்த்திருக்கேன். அறிக்கையில கையெழுத்து போடுறது இயக்குநர் வாரியம், தப்பான எண்ண புர்சாவுக்குக் கொடுத்தா பதில் சொல்ல வேண்டியதும் மனுஷங்கதான், மென்பொருள் எழுதுச்சுன்னு சொல்லித் தப்பிக்க முடியாது. வெளி ஆடிட்டர் வந்து இந்த எண்களையும் சரிபார்க்கிற காலம் வருது, அப்ப ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னாடி பேப்பர் கேட்பாங்க.

இத விடப் பெரிய விஷயம் ஒண்ணு இருக்கு, அதுக்காகத்தான் இவ்வளவு நீளமா எழுதுறேன். ஏஐ எதப் படிக்கும்? எழுதி வெச்சதப் படிக்கும். எங்க வேலையில முக்கியமானது பாதிக்கு மேல யாரும் எழுதி வெக்காததுதான்.

சில வருஷத்துக்கு முன்னாடி நான் வேலை செஞ்ச ஒரு கம்பெனி செபராங் பிறையில ஒரு தமிழ்ப்பள்ளிக்கு முப்பது டேப்லட் கொடுத்துச்சு. நல்ல மனசோடதான் கொடுத்தோம். தலைமையாசிரியர் நன்றிக் கடிதம் அனுப்பினாரு, பெற்றோர் ஆசிரியர் சங்கம் மாலை போட்டாங்க, அறிக்கையில "முப்பது மாணவர்கள் டிஜிட்டல் கல்வி பெற்றனர்"னு நானே எழுதினேன். பத்து மாசம் கழிச்சு வேற வேலையா அந்தப் பக்கம் போனப்ப உள்ள போய்ப் பார்த்தேன், டேப்லட் எல்லாம் ஸ்டோர் ரூம்ல, பெட்டியில இருந்து பாதி எடுக்கவே இல்ல. அந்தக் கட்டடத்துல சார்ஜ் போடப் போதுமான பிளக் பாயிண்ட் இல்ல, இன்டர்நெட் ஆபீஸ் ரூமத் தாண்டி வராது, எந்த ஆசிரியருக்கும் பயிற்சி கொடுக்கல. தலைமையாசிரியர் ரொம்ப சங்கடப்பட்டுக்கிட்டே சொன்னாரு, "கொடுக்க வந்தவங்ககிட்ட இது வேண்டாம், பொம்பளப் பிள்ளைங்க டாய்லெட் ரிப்பேர் பண்ணிக் கொடுங்கன்னு எப்படிம்மா கேக்கறது"ன்னு. அந்த நன்றிக் கடிதத்த எந்த ஏஐகிட்ட கொடுத்தாலும் திட்டம் வெற்றின்னுதான் சொல்லும். பள்ளிக்கூடத்துக்கு மறுபடி போனாத்தான் தெரியும், அதுவும் அவரு மனசு விட்டுப் பேசுற அளவுக்குப் பழகியிருந்தாத்தான்.

இன்னொண்ணு, இது இன்னும் கனமானது. 2020 ஜூலையில அமெரிக்க சுங்கத்துறை ஒரு பெரிய மலேசியக் கையுறை நிறுவனத்தோட சரக்க உள்ள விடாம தடுத்துச்சு, கட்டாய உழைப்பு அறிகுறிகள் இருக்குன்னு. அதுல முக்கியமான ஒண்ணு, வெளிநாட்டுத் தொழிலாளிங்க வேலைக்கு வர்றதுக்கு ஏஜென்ட்டுக்குக் கட்டின பணமும் அதனால வந்த கடனும். நிறுவனம் தொழிலாளிங்களுக்குக் கோடிக்கணக்கான வெள்ளி திருப்பிக் கொடுத்து, 2021 செப்டம்பர்லதான் தடை நீங்குச்சு. அதுக்கப்புறம் பினாங்குல எல்லாத் தொழிற்சாலையும் முழிச்சுக்கிச்சு. எலக்ட்ரானிக்ஸ்ல ஏற்கனவே ஆர்பிஏன்னு ஒரு கூட்டமைப்போட நடத்தை விதி இருக்கு, தொழிலாளி கையில இருந்து வேலைக்காக ஒரு காசு வாங்கக்கூடாது, ஓவர்டைம் சேர்த்து வாரத்துக்கு அறுபது மணி நேரத்துக்கு மேல போகக்கூடாது, பாஸ்போர்ட்ட பிடிச்சு வெக்கக்கூடாதுன்னு. நாங்க ஒரு சிஸ்டம் வாங்கினோம், கைபேசியில நேபாளி, வங்காளம், பர்மிய மொழின்னு அவங்கவங்க மொழியில கேள்வி கேக்கும், பதில மொழிபெயர்த்து வகை பிரிச்சுக் கொடுக்கும். நல்ல கருவிதான், இன்னைக்கும் பயன்படுத்துறோம். ஏஜென்ட்டுக்குப் பணம் கட்டினீங்களாங்கிற கேள்விக்கு கிட்டத்தட்ட எல்லாருமே இல்லன்னு பதில் போட்டிருந்தாங்க. மேனேஜ்மெண்டுக்கு ஒரே சந்தோஷம்.

எனக்கு மட்டும் மனசு ஒப்பல. தொழிலாளிங்க தங்குற ஹாஸ்டலுக்குப் பக்கத்துல இருக்கிற மாமாக் கடைக்கு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் போக ஆரம்பிச்சேன், கூட நேபாளி தெரிஞ்ச ஒரு என்ஜிஓ அக்கா. யூனிபார்ம் இல்ல, பைல் இல்ல, சும்மா தே தாரிக் குடிச்சுக்கிட்டு பேச்சு. மூணாவது வாரம் ஒரு பையன் சொன்னான், வர்றதுக்கு முன்னாடி அப்பாவோட நிலத்த அடமானம் வெச்சு ஒன்றரை லட்சம் நேபாள ரூபாய் கட்டியிருக்கான், "யாராவது கேட்டா கட்டலன்னு சொல்லு, இல்லன்னா திருப்பி அனுப்பிடுவாங்க"ன்னு ஏஜென்ட் விமான நிலையத்துலயே சொல்லி அனுப்பியிருக்கான். அந்தக் கைபேசிக் கணக்கு அவன் எம்ப்ளாயீ நம்பரோட இணைஞ்சிருக்கு, எப்படி நிஜத்த எழுதுவான்? அதுக்கப்புறம் ஒவ்வொருத்தரா வாய் திறந்தாங்க, கணக்கெடுத்து மேனேஜ்மெண்ட் முன்னாடி வெச்சேன், முதல் கூட்டத்துல என்னத் திட்டாத குறைதான், ரெண்டு பேரு ஒரு மாசம் என்கூடப் பேசல. ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு, ஆனா பணம் திருப்பிக் கொடுத்தாங்க. மேக்கப்பான்னு கேட்டீங்களே தங்கச்சி, அந்தப் பையன் நிலத்த மீட்டதும் அவங்க அப்பாவோட போட்டோவ எனக்கு அனுப்பினான், அது இன்னும் என் போன்ல இருக்கு.

அதனால வேலை போகுமாங்கிறத விட, எனக்கு வேற ஒரு பயம் அதிகம். நான் இதெல்லாம் எப்படிக் கத்துக்கிட்டேன்? கீழ்மட்ட வேலைய செஞ்சு செஞ்சுதான். பில்லு சேகரிக்க கிளை கிளையா அலைஞ்சேன், படிவம் நிரப்ப உற்பத்தி லைன் சூப்பர்வைசர்கிட்ட போய் நின்னேன், அப்படித்தான் எங்க பொய் இருக்கும், யார்கிட்ட கேட்டா நிஜம் வரும்னு பழகுச்சு. இப்ப அந்த வேலைகளத்தான் ஏஐ செய்யுது. புதுசா வர்றவங்க நாள் முழுக்க ஸ்கிரீன் முன்னாடி உக்காந்து அது எழுதினத சரி பார்க்கிறாங்க, ஆனா எது சரின்னு தெரியுறதுக்கு வேண்டிய அனுபவம் அவங்களுக்கு வர்ற வழி அடைஞ்சு போச்சு. ஏணியில மேல் படி எல்லாம் இருக்கு, முதல் படிய எடுத்துட்டாங்க. இத கம்பெனிங்க சரி பண்ணுமான்னு கேட்டா, சிலது பண்ணும், பலது பண்ணாதுன்னுதான் என் கணிப்பு. நீங்களே உங்களுக்கு அந்தப் படிய போட்டுக்கணும்.

எத்தனை வேலை இருக்கும், கூடுமா குறையுமாங்கிறதுல நான் கணிப்புதான் சொல்ல முடியும். என்எஸ்ஆர்எஃப்னால கணக்கு தெரிஞ்ச ஆளுக்குத் தேவை கூடும்னு உறுதியா நம்புறேன். ஆனா அந்த இடங்கள்ல நிறைய சஸ்டெய்னபிலிட்டி டிபார்ட்மெண்டுக்கு வராம ஃபைனான்ஸ் டிபார்ட்மெண்டுக்குப் போகலாம், இப்பவே அந்தப் பக்கம் சாயுது. நிகழ்ச்சி நடத்தி பிரெஸ் ரிலீஸ் எழுதுற வகை சிஎஸ்ஆர் எக்ஸிகியூட்டிவ் வேலை சுருங்கும்னு நினைக்கிறேன். இன்னொரு பக்கம் ஏஐயே புதுசா வேலை கொண்டு வருது, ஜோகூர்ல டேட்டா சென்டர் வரிசையா எழும்புது, அதுக்கெல்லாம் கரண்டும் குளிர வைக்கத் தண்ணியும் ஏராளமா வேணும், அத யாராவது அளந்து, பக்கத்துல இருக்கிற மக்கள்கிட்டப் பேசி, வெளிய சொல்லணும். கம்பெனிக்குள்ள ஏஐய வெச்சு ஆள் எடுக்கிறது, தொழிலாளியக் கண்காணிக்கிறது எல்லாம் நியாயமா நடக்குதாங்கிற கேள்வியும் எங்க மேசைக்கு வர ஆரம்பிச்சிருக்கு.

உங்களுக்கு நடைமுறையா என்ன சொல்வேன்னா, ஆஃபர ஏத்துக்கிறதுக்கு முன்னாடி அவங்ககிட்ட சில விஷயம் கேளுங்க. இந்தப் பதவி யாருக்கு ரிப்போர்ட் பண்ணுது? மார்க்கெட்டிங் தலைவருக்குன்னா யோசிங்க, சிஇஓ, சிஎஃப்ஓ, ரிஸ்க் பக்கம்னா தைரியமா போங்க. போன வருஷம் செஞ்ச ஒரு திட்டத்த நேர்ல பார்க்க முடியுமான்னு கேளுங்க, அவங்க முகம் போற போக்குலயே பாதி பதில் கிடைச்சிடும். நன்கொடை யாருக்குன்னு யார் முடிவு பண்றாங்க, அதுக்கு சரிபார்ப்பு உண்டான்னும் கேளுங்க. 2020 ஜூன்ல இருந்து ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்துல 17ஏ பிரிவு அமல்ல இருக்கு, கம்பெனி சார்பா ஒருத்தர் லஞ்சம் கொடுத்தா கம்பெனியே குற்றவாளி ஆகலாம், நன்கொடைங்கிற பேர்ல போற பணமும் அதுல மாட்டும். அந்தக் கோப்பு பெரும்பாலும் சிஎஸ்ஆர் எக்ஸிகியூட்டிவ் கையெழுத்தோடதான் ஆரம்பிக்கும், அதனால இது உங்க பாதுகாப்புக்கும்தான்.

வேலையில சேர்ந்தா முதல் வருஷம் ரெண்டு விஷயத்துல பிடிவாதமா இருங்க. ஒண்ணு, கார்பன் கணக்கு கத்துக்குங்க, கார்பன் எங்க இருந்து வருதுன்னு பிரிக்கிற ஸ்கோப் ஒண்ணு, ரெண்டு, மூணு என்ன, காரணி எங்க இருந்து வருதுன்னு கையால ஒரு தடவையாவது போட்டுப் பாருங்க, அப்புறம் ஏஐகிட்ட கொடுங்க. மாஸ் காம் படிச்சவங்களுக்கு இது வராதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, கூட்டல் பெருக்கலுக்கு மேல இல்ல, பொறுமைதான் வேணும். உங்க கம்பெனி எச்ஆர்டி கார்ப்ங்கிற ஊழியர் பயிற்சி நிதி அமைப்புக்கு லெவி கட்டினா அதுலயே பயிற்சிக்குக் கேட்டுப் பாருங்க. ரெண்டாவது, மாசத்துல ரெண்டு நாளாவது ஆபீஸ விட்டு வெளிய போறதுக்கு அனுமதி வாங்குங்க, ஹாஸ்டல், பள்ளிக்கூடம், சப்ளையரோட தொழிற்சாலை, எதுவா இருந்தாலும். பேசுறதுக்கு முன்னாடி கேக்கிறது, சொல்லாத வார்த்தைய கவனிக்கிறது, இது உங்க படிப்புல வந்திருக்கணும், அந்த வகையில நீங்க கணக்குப் படிச்சவங்கள விட முன்னாடி நிக்கிறீங்க. தமிழ், மலாய், இங்கிலீஷ் மூணும் சரளமா வர்றது எவ்வளவு பெரிய சொத்துன்னு தோட்டத்துக்கோ தமிழ்ப்பள்ளிக்கோ போற அன்னைக்குத் தெரியும்.

சம்பளம் 3,200 வெள்ளின்னு எழுதியிருந்தீங்க, இப்ப வாங்குறத விட இருநூறுதான் கூடுதல்னு தயக்கம். அந்த இருநூறுக்காகப் போகாதீங்க, அந்த இருநூறுக்காக விடவும் விடாதீங்க. ஆஃபர் லெட்டர்ல வேலை விவரம்னு ஒரு பக்கம் இருக்கும், அதுல எத்தனை வரி எழுதுறது, நிகழ்ச்சி நடத்துறது பத்தி, எத்தனை வரி தரவு, கள ஆய்வு, சப்ளையர் பத்தின்னு எண்ணிப் பாருங்க. கம்பெனி பேர மறைச்சுட்டு அந்த வரிகள இங்க போட்டீங்கன்னா நானும் படிச்சுப் பார்த்து சொல்றேன்.